வயிற்றுப்போக்குத் தடுப்பூசிகளும் விலங்குச் சோதனையும்: முயல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நுண்ணுயிரியல் முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். வளர்ந்த சுண்டெலிக்குக் காலராவே வருவதில்லை என்றால், காலராத் தடுப்பூசியை அதில் சோதிப்பதில் என்ன பொருள் இருக்கிறது என்பது ஒன்று. விலங்குகளை நன்றாகக் காத்த தடுப்பூசிகள் சில, மனிதரிடம் வந்ததும் தோற்றுப்போனது ஏன் என்பது மற்றொன்று. இவற்றுக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம்; ஆனால் அந்த விடையை நம்புவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வு வரலாற்றின் சில பக்கங்களையாவது புரட்ட வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஒரு வரி இதுதான்: ஒவ்வொரு விலங்கும் நோயின் ஏதோ ஒரு கட்டத்தை மட்டுமே காட்டுகிறது, அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டுமே அதனிடம் கேட்கலாம். காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி வாய்வழியே நுழைகிறது, இரைப்பையின் அமிலத்தைத் தாண்டுகிறது, சிறுகுடலின் சளிப்படலத்தை ஊடுருவிக் குடலுறிஞ்சிகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது, அங்கே பல்கிப் பெருகுகிறது, நச்சைச் சுரக்கிறது, அந்த நச்சின் விளைவாக உடலின் உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. இத்தனை கட்டங்களும் இதே வரிசையில் இயல்பாக நடக்கும் உயிர் மனிதன் ஒருவனே. மற்ற உயிர்களில் ஏதாவது ஒரு கதவு மூடியிருக்கிறது. ஆய்வாளர் அந்தக் கதவைச் செயற்கையாகத் திறக்கிறார் அல்லது அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். எந்தக் கதவை எப்படித் திறந்தார் என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் விடையின் மதிப்பு அமைகிறது.

இந்தத் தொல்லை காலராக் கிருமியை உலகம் ஒப்புக்கொண்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. 1883-இல் எகிப்துக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் வந்த ராபர்ட் காக், நோயாளிகளின் குடலில் கமா வடிவக் கிருமியைக் கண்டு, 1884-இல் அதைத் தனியே வளர்த்தும் காட்டினார். ஆனால் ஒரு கிருமிதான் ஒரு நோய்க்குக் காரணம் என்று நிறுவ அதை விலங்குக்குக் கொடுத்து அதே நோயை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்த அவராலேயே, சுண்டெலிக்கும் நாய்க்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்தும், காலராவை உண்டாக்க முடியவில்லை. பின்னர் கினிப்பன்றியின் இரைப்பை அமிலத்தைச் சோடாக் கரைசலால் முறித்து, அபின் மருந்தால் குடலின் அசைவை அடக்கிய பிறகே கிருமி அதன் குடலில் நிலைபெற்றது. கமா கிருமி மட்டும் நோயை உண்டாக்காது என்று வாதிட்ட மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1892-இல் கிருமி வளர்ந்த நீரைத் தாமே குடித்துப் பார்த்ததும், அவருக்கு இலேசான வயிற்றுப்போக்கு மட்டுமே வந்ததும் பலரும் அறிந்த செய்தி. நம்பத்தக்க விலங்கு ஒன்று இல்லாததால்தான் அந்த வாதம் அத்தனை காலம் நீண்டது.

அதே 1892-இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் வால்டமர் ஹாஃப்கின் தமது காலராத் தடுப்பூசியை உருவாக்கினார். கினிப்பன்றியின் வயிற்றறைக்குள், அதாவது குடலுக்கு வெளியே உள்ள உதரப்பையில், கிருமியை மாறி மாறிச் செலுத்தி அதன் வீரியத்தை நிலைப்படுத்தினார். ஊசி போடப்பட்ட கினிப்பன்றிகள் பிறகு அதே வழியில் கிருமி செலுத்தப்பட்டபோது பிழைத்தன. தம் உடலிலும் ஊசியைப் போட்டுக்கொண்டு, 1893-இல் இந்தியாவுக்கு வந்து, 1894-இல் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் போடத் தொடங்கினார். அவருடைய துணிவையும் உழைப்பையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர் நம்பிய சோதனையில் அடிப்படையான ஒரு பொருத்தமின்மை இருந்தது. உதரப்பையில் செலுத்தப்படும் கிருமி இரத்தத்தில் கலந்து விலங்கைக் கொல்கிறது. இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள், அதாவது கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம், அதை எளிதாகத் தடுத்துவிடும். மனிதனின் காலராவிலோ கிருமி குடலின் உட்புறத்தை விட்டு வெளியே வருவதே இல்லை.

இந்தப் பொருத்தமின்மை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நீடித்தது. கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்ட ஊசி மருந்தின் ஒவ்வொரு தொகுதியையும், சுண்டெலியின் உதரப்பைக்குள் கிருமியைச் செலுத்தி, எத்தனை எலி பிழைக்கிறது என்று எண்ணியே தரம் பிரித்தார்கள். எலிகள் நன்றாகப் பிழைத்தன. 1960-களில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலும் கல்கத்தாவிலும் பிலிப்பைன்ஸிலும் முறையாகக் கட்டுப்படுத்தப்பட்ட களச்சோதனைகள் நடந்தபோது, அந்த ஊசிகள் பாதிப்பேருக்குத்தான், அதுவும் சில மாதங்களுக்குத்தான் பாதுகாப்பு அளித்தன என்று தெரிந்தது. பன்னாட்டுப் பயணிகள் காலரா ஊசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை உலக சுகாதாரப் பேரவை 1973-இல் நீக்கியது. எலி பொய் சொல்லவில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது சரியாகவே விடை சொன்னது. நாம் அதனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு.

சரியான கேள்வியைக் கேட்டவர் கல்கத்தாவில் நோய்க்குறியியல் ஆசிரியராக இருந்த சம்புநாத் டே. லண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், காலராவில் நடப்பது குடலுக்குள்ளே என்றால் கிருமியைக் குடலுக்குள்ளேதான் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற, இன்று மிக எளிதாகத் தோன்றும் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட முயலின் சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இரு முனைகளிலும் நூலால் கட்டி, அந்த மூடிய கண்ணிக்குள் கிருமியைச் செலுத்தி, வயிற்றைத் தைத்து மூடிவிட்டு, மறுநாள் திறந்து பார்த்தார். கிருமி செலுத்தப்பட்ட கண்ணி நீர் நிறைந்து விம்மியிருந்தது. அருகில் கட்டப்பட்டிருந்த வெற்றுக் கண்ணி சுருங்கிக் கிடந்தது. 1953-இல் இதை வெளியிட்டார். காலரா நோயாளியின் கழிச்சலை அரிசி கழுவிய நீருக்கு ஒப்பிடுவது மருத்துவ நூல்களின் வழக்கம். நம் வீடுகளில் அதற்குக் கழுநீர் என்ற சொல்லே இருக்கிறது. அந்தக் கழுநீர் முதன்முறையாக ஓர் ஆய்வகத்தில் அளந்து பார்க்கத்தக்க ஒன்றாக மாறியது அப்போதுதான்.

இந்த முறையின் அருமை அதன் எளிமையில் இருக்கிறது. ஒரே முயலில் பல கண்ணிகளைக் கட்டலாம். ஒன்றில் கிருமி, ஒன்றில் கொல்லப்பட்ட கிருமி, ஒன்றில் வெறும் உப்புநீர் என்று ஒரே உடலுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாயும் இரைப்பையும் குடல் அசைவும் கேள்வியிலிருந்து விலக்கப்பட்டுவிடுகின்றன; நீர் சுரக்கிறதா இல்லையா என்ற ஒன்று மட்டும் எஞ்சுகிறது. அந்த ஒன்றை இறுகப் பற்றிக்கொண்டதால்தான் டே அடுத்த அடியை எடுத்து வைக்க முடிந்தது. கிருமிகளை முழுவதும் வடிகட்டி நீக்கிய வளர்ப்புநீரை மட்டும் கண்ணிக்குள் செலுத்தியபோதும் கண்ணி நிறைந்தது. காலராவின் நீரிழப்புக்குக் காரணம் கிருமி வெளியே சுரக்கும் ஒரு நச்சே என்பதை 1959-இல் அவர் எழுதிய சிறு கட்டுரை நிறுவியது. அதே காலத்தில் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவும் அவருடன் இருந்தவர்களும் பிறந்து சில நாள்களே ஆன முயல்குட்டிகளில் காலரா போன்ற வயிற்றுப்போக்கை உண்டாக்கி, இதே முடிவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். பத்தாண்டுகளுக்குள், 1969-இல், அந்த நச்சு தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. பெரிய கருவிகளோ பெரும் பணமோ இல்லாத ஆய்வகத்தில், நூலையும் முயலையும் கொண்டு செய்யப்பட்ட இந்த வேலைக்கு இந்தியாவில் டேயின் வாழ்நாளில் பெரிய மரியாதை எதுவும் கிடைக்கவில்லை. 1978-இல் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்கில் பேச அவர் அழைக்கப்பட்டார் என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் அந்தப் புறக்கணிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். கண்ணி முறை இவ்வளவு தெளிவாக இருந்ததே, அதன் துணையோடு செய்த தடுப்பூசி வென்றிருக்க வேண்டாமா? நச்சுதான் காரணம் என்றால் நச்சைச் செயலிழக்கச் செய்து ஊசியாகப் போட்டால் போதும் என்று நினைப்பது இயல்பு. டிப்தீரியாவிலும் டெட்டனசிலும் அதுதானே நடந்தது. செயலிழந்த நச்சு ஊசியாகப் போடப்பட்ட விலங்குகளில் பாதுகாப்பு தெரிந்தது. 1974-இல் வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் அதை மக்களிடம் சோதித்தபோது கிடைத்த பாதுகாப்பு மிகச் சொற்பம். முன்பு எலியின் உதரப்பை நச்சை மறந்தது. இப்போது ஆய்வாளர்கள் கிருமியை மறந்தார்கள். நச்சைச் செலுத்திச் சோதிக்கும் கண்ணியில், கிருமி குடலில் ஒட்டிப் பெருகும் கட்டம் இல்லவே இல்லை. எனவே அந்தக் கட்டத்தைத் தடுப்பதன் முக்கியத்துவத்தை அது காட்டவும் வழியில்லை.

ஸ்வீடனில் ஆன்-மாரி ஸ்வென்னர்ஹோமும் யான் ஹோல்ம்கிரனும் 1976-இல் இதற்கு ஒரு நல்ல விடையை அதே முயல் கண்ணியிலிருந்தே பெற்றார்கள். கிருமியின் மேலுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருளுக்கு எதிராகவும் நச்சுக்கு எதிராகவும் சேர்த்து எதிர்ப்பாற்றல் ஊட்டினால், இரண்டும் தனித்தனியே தரும் பாதுகாப்பின் கூட்டுத்தொகையைவிட அதிகமான பாதுகாப்பு கிடைக்கிறது என்று கண்டார்கள். கொல்லப்பட்ட முழுக்கிருமிகளோடு நச்சின் தீங்கற்ற பி துணைக்கூறைச் சேர்த்து வாய்வழியே கொடுக்கும் மருந்து இந்த வழியில் உருவாகி, 1985-இல் மீண்டும் மத்லபில் களச்சோதனைக்கு வந்தது. முதல் ஆறு மாதங்களில் அது 85 விழுக்காடு பாதுகாத்தது. பி துணைக்கூறு இல்லாத, வெறும் முழுக்கிருமி மருந்து 58 விழுக்காடு பாதுகாத்தது. முயல் சொன்னது பலித்தது. ஆனால் மூன்று ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தபோது இரண்டும் ஏறத்தாழ 50 விழுக்காட்டில் சமமாக நின்றன. நச்செதிர்ப்பின் கூடுதல் பயன் குறுகிய காலத்துக்கே உரியது என்பதை, ஊசி போட்டுச் சில வாரங்களில் முடிந்துவிடும் எந்த முயல் சோதனையும் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கண்டுபிடிப்பின் பயனாகத்தான் விலை கூடிய பி துணைக்கூறை விட்டுவிட்டு முழுக்கிருமிகளை மட்டும் கொண்ட மருந்து இந்தியாவில் ஷான்கால் என்ற பெயரில் 2009-இல் உரிமம் பெற்றது. கொல்கத்தாவில் ஏறக்குறைய 67,000 பேரிடம் நடந்த சோதனையில் ஐந்து ஆண்டுகளில் 65 விழுக்காடு பாதுகாப்பு தெரிந்தது. ஏழை நாடுகளின் காலராத் தடுப்புக்கு இன்று பயன்படும் மலிவான வாய்வழி மருந்துகள் இந்தக் கிளையில் வந்தவை.

உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமிகளைக் கொண்ட வாய்வழி மருந்துகளின் கதை இன்னும் ஆழமான பாடத்தைத் தருகிறது. 1980-களில் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மைரன் லெவினும் ஜேம்ஸ் கேப்பரும் நச்சின் மரபணுக்களை முழுவதும் வெட்டி நீக்கிய கிருமி வகைகளை உருவாக்கினார்கள். நச்சு இல்லை, ஆகவே வயிற்றுப்போக்கும் இராது என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அவற்றைக் குடித்த தன்னார்வலர்களில் பலருக்கும் இலேசானதும் நடுத்தரமானதுமான வயிற்றுப்போக்கும் வயிற்று வலியும் வந்தன. காரணமாக வேறு நச்சுகள் இருக்க வேண்டும் என்று தேடி, முயலின் குடல்திசுவை வைத்துச் செய்த ஆய்வுகளில் இரண்டு புதிய நச்சுகளைக் கண்டார்கள். அவற்றின் மரபணுக்களையும் நீக்கிய கிருமி வகையும் தன்னார்வலர்களுக்கு வயிற்றுப்போக்கைத் தந்தது. இந்தப் பக்கவிளைவை முன்கூட்டியே காட்டக்கூடிய விலங்கு எதுவும் அன்று இல்லாததால், மனிதர்களே அந்த முன்சோதனையின் சுமையை ஏற்க வேண்டியிருந்தது. 2010-இல்தான் மாத்யூ வால்டரின் குழுவினர், ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த தத்தாவின் முயல்குட்டியை மீண்டும் ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்தை முதலில் கொடுத்துப் பிறகு கிருமியை வாய்வழியே கொடுக்கும் முறையை வகுத்தார்கள். நச்சு நீக்கப்பட்ட கிருமிகள் அக்குட்டிகளுக்கும் வயிற்றுப்போக்கைத் தந்தன. கிருமி நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதங்களையும் நீக்கிய பிறகு அந்த விளைவு மறைந்தது. கசையிழைப் புரதத்தை உடலின் காவல் அணுக்கள் கண்டு அழற்சியைத் தூண்டுவதே காரணம் என்று அது காட்டியது. மனிதரிடம் முதலில் தெரிந்த ஒரு தீமைக்கு விளக்கம் தேடி விலங்கிடம் திரும்பிப் போன இந்த வழி எனக்கு மிகவும் மதிப்புடையதாகத் தோன்றுகிறது. விலங்கிலிருந்து மனிதனுக்கு ஒருவழிப் பாதைதான் உண்டு என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். நடப்பில் பாதை இரு பக்கமும் போகிறது.

அந்த மேரிலாண்ட் வரிசையிலேயே தன்னார்வலர்களுக்குத் தொல்லை தராத வகையும் ஒன்று கிடைத்தது. சி.வி.டி. 103-எச்.ஜி.ஆர். என்ற அது அமெரிக்கத் தன்னார்வலர்களைச் சிறப்பாகக் காத்தது. பிற்காலத்தில் அதே வகையைக் கொண்ட மருந்து, குடித்த பத்தாம் நாளில் 90 விழுக்காடும் மூன்று மாதத்தில் 80 விழுக்காடும் காத்ததாகத் தன்னார்வலர் சோதனையில் தெரிந்ததால், 2016-இல் அமெரிக்காவில் உரிமமும் பெற்றது. ஆனால் 1990-களில் ஜகார்த்தாவில் ஏறத்தாழ 67,000 பேரிடம் அதைச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. இங்கே தவறியது விலங்கு மாதிரியே அல்ல. தூய்மையான சூழலில் வளர்ந்த அமெரிக்க இளைஞனின் குடல், பிறந்தது முதல் பலவகைக் கிருமிகளோடு பழகிய ஜகார்த்தா மனிதனின் குடலுக்கு ஒரு மாதிரி ஆகவில்லை. கிருமி நீக்கப்பட்ட கூண்டில், ஒரே வகை உணவைத் தின்று வளரும் ஆய்வக எலி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இதிலிருந்து நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். 1992-இன் இறுதியில் சென்னையில் பரவத் தொடங்கி, விரைவில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டிய ஒரு காலராத் தொற்றில், அதுவரை அறியப்பட்டிருந்த ஓ1 வகைக் கிருமி இல்லை. மேலுறைச் சர்க்கரை மாறிய ஒரு புதிய வகை இருந்தது. அதற்கு ஓ139 என்று எண் கொடுக்கப்பட்டது. பழைய காலராவுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த வயதுவந்தோரும் பெருமளவில் நோயுற்றனர். நச்சு அதேதான், மாறியது மேலுறை மட்டும். ஓ1 வகையைக் கொண்ட வாய்வழி மருந்து கொடுக்கப்பட்ட முயல்கள் ஓ139 கிருமியிலிருந்து காக்கப்படவில்லை என்பதை டாக்காவின் ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள். களத்தில் மக்கள் பட்ட துயரும் கூண்டில் முயல் சொன்ன விடையும் ஒன்றையொன்று உறுதிப்படுத்திய இடம் இது.

அந்த டாக்கா ஆய்வுக்குப் பொருத்தமான முயல் மாதிரி எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்கிறேன், ஏனெனில் ஒரு கதவைச் சுற்றிப் போவது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. வளர்ந்த முயலுக்கு மிகப் பெரிய குடல்வால்பை உண்டு. சிறுகுடலில் சுரக்கும் நீரையெல்லாம் அது உறிஞ்சிவிடுவதால் வயிற்றுப்போக்கு வெளியே தெரிவதில்லை. 1981-இல் வில்லியம் ஸ்பைராவும் பிராட்லி சாக்கும் அவர்களின் உடன்பணியாளரும் அந்தப் பையின் வாயை நிரந்தரமாகக் கட்டிவிட்டு, சிறுகுடலின் கடைப்பகுதியில் உருவிவிடக்கூடிய ஒரு தற்காலிக முடிச்சைப் போட்டு, கிருமியைச் செலுத்தி, சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்த முடிச்சை உருவிவிட்டார்கள். கிருமி ஒட்டிக்கொள்ளும் வரை குடலின் ஓட்டம் நின்றது; பிறகு முயலுக்கு உண்மையான வயிற்றுப்போக்கு வந்தது. வளர்ந்த முயல் என்பதால் அதற்கு வாய்வழி மருந்தை முன்பே கொடுத்து, அதன் உடலே எதிர்ப்பாற்றலை உண்டாக்கிக்கொள்ளும் வரை காத்திருக்கவும் முடிகிறது. பால்குடி எலிக்குஞ்சில் இது இயலாது. நான்கைந்து நாள் வயதுள்ள எலிக்குஞ்சின் குடலில் காலராக் கிருமி நன்றாக ஒட்டிப் பெருகும். ஒட்டுவதற்குத் தேவையான மயிரிழை ஒன்றை 1987-இல் ரொனால்ட் டெய்லரும் ஜான் மெக்காலனோசும் உடன்பணியாளர்களும் கண்டறிந்தபோது அதன் இன்றியமையாமையைக் காட்டியதும் அந்தக் குஞ்சுகள்தாம். ஆனால் அவற்றின் எதிர்ப்பாற்றல் இன்னும் முதிராததால் அவற்றுக்கே தடுப்பூசி போட்டுச் சோதிக்க இயலாது. எனவே தாய் எலிக்கு மருந்து கொடுத்து, அதன் குஞ்சுகளுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். குஞ்சைக் காப்பது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மட்டுமே. எதிர்ப்பாற்றலின் நினைவு, அதன் ஆயுள், குடல் தானே தயாரிக்கும் எதிர்ப்பொருள் ஆகியவற்றைப் பற்றி இந்தச் சோதனை ஒரு சொல்லும் சொல்லாது. மாணவரின் முதல் கேள்விக்கு நேரான விடை இதுவே: எலிக்குக் காலரா வராவிட்டாலும், ஒட்டுதலைத் தடுக்கும் எதிர்ப்பொருள் உண்டா என்று அதனிடம் கேட்கலாம், அதற்கு மேல் கேட்கக்கூடாது.

வயிற்றுப்போக்கைத் தரும் மற்றொரு கிருமியான ஈ. கோலையின், குடல்நச்சைச் சுரக்கும் வகைகளில் நிலைமை சற்று வேறு. இவற்றில் பன்றிக்குட்டிக்கும் கன்றுக்கும் உரிய வகைகள் இயற்கையிலேயே இருக்கின்றன. பன்றிக்குட்டியைத் தாக்கும் வகை கே88 என்ற மயிரிழையால் ஒட்டுகிறது. அந்த இழை பற்றிக்கொள்ளும் ஏற்பி குடற்செல்லில் பிறப்பிலேயே இல்லாத குட்டிகளுக்கு நோய் வருவதில்லை. சினைப்பன்றிக்குத் தடுப்பூசி போட்டால் சீம்பாலின் வழியே குட்டிகள் காக்கப்படுகின்றன. கால்நடை மருத்துவத்தின் வெற்றிகளில் இது ஒன்று. இதை அப்படியே மனிதக் குழந்தைக்கு ஏன் செய்யக்கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. பன்றியில் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே போவதில்லை; குட்டி அதை முழுவதும் சீம்பாலிலிருந்தே பெறுகிறது. நோயும் பிறந்த சில நாள்களில் வருகிறது. மனிதக் குழந்தைக்கோ தாய்ப்பாலின் பங்கு குறையத் தொடங்கும் மாதங்களில்தான் ஆபத்து கூடுகிறது. பன்றி மாதிரி உண்மையானதே. அது விடை சொல்லும் வயதுதான் வேறு. மனிதனைத் தாக்கும் ஈ. கோலையின் ஒட்டும் இழைகள் எலியின் குடலில் பிடிப்பதுமில்லை. இந்தக் கிருமியின் வெப்பம் தாங்காத நச்சைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்த ஒரு முயற்சி விலங்குகளில் வலுவான எதிர்ப்பொருளை உண்டாக்கி, சிறிய மனிதச் சோதனையிலும் நம்பிக்கை அளித்து, மெக்சிகோவுக்கும் குவாத்தமாலாவுக்கும் சென்ற பயணிகளிடம் நடந்த பெரிய சோதனையில் பயனளிக்காமல் போனது.

ஷிகெல்லாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீதபேதியைத் தரும் இக்கிருமி பத்து முதல் நூறு எண்ணிக்கையில் உள்ளே போனாலே மனிதனுக்கு நோய் வரும். ரீசஸ் குரங்குக்கு நோய் வரவழைக்க நூறு கோடிக்கும் மேற்பட்ட கிருமிகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 1955-இல் ஹங்கேரியின் பேலா செரேனி வகுத்த சோதனையில் கிருமியைக் கினிப்பன்றியின் கண்ணில் இட்டு அழற்சி வருகிறதா என்று பார்த்தார்கள். செல்லுக்குள் புகும் திறனை அது நன்றாகக் காட்டும். ஆனால் கண் குடலாகாது. அச்சோதனையில் தீங்கற்றவையாகத் தெரிந்த வகைகள் சில, அதிக அளவில் கொடுக்கப்பட்டபோது தன்னார்வலர்களுக்குக் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் தந்தன. எலிக்கு ஏன் ஷிகெல்லா வருவதில்லை என்ற நெடுநாள் புதிருக்கு 2020-இல் பெர்க்லியில் ரஸ்ஸல் வான்ஸ் குழுவினர் விடை கண்டார்கள். எலியின் குடற்சுவர்ச் செல்களில் உள்ள நெய்ப்–என்எல்ஆர்சி4 என்ற கண்காணிப்பு அமைப்பு கிருமியை உடனே கண்டுபிடித்து, தொற்றிய செல்லை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த அமைப்பு நீக்கப்பட்ட எலிக்கு வாய்வழியே கொடுத்தாலும் சீதபேதி வருகிறது. மூடியிருந்த கதவு எது என்று பெயர் சொல்லித் திறந்த முதல் மாதிரிகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன். இருந்தாலும் எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியை எடுத்துவிட்ட எலியில் தடுப்பூசியைச் சோதிக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

இத்தனைக்கும் நடுவில் விலங்கின் வேதனை ஒரு தனிக் கேள்வியாக நிற்கிறது. அதை நான் அலட்சியமாகக் கடந்து போக விரும்பவில்லை. கினிப்பன்றியின் கண்ணில் கிருமியை இடுவதற்கு இன்று எளிதில் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. இந்தியாவில் 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் ஒப்புதலோடுதான் இத்தகைய சோதனைகளைச் செய்ய முடியும். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மாற்றுதல், குறைத்தல், மென்மைப்படுத்தல் என்ற மூன்று நெறிகள் இத்துறையில் நல்ல பயனைத் தந்திருக்கின்றன. வாய்வழிக் காலரா மருந்தின் தரத்தை இன்று எலியின் உயிரால் அளப்பதில்லை; அதிலுள்ள லிப்போபாலிசாக்கரைடின் அளவை, எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் எலைசா என்ற ஆய்வக முறையில் அளக்கிறார்கள். யூவிகால் என்ற தென்கொரிய மருந்து, தன்னைப் பெற்றவர்களின் இரத்தத்தில் காலராக் கிருமியைக் கொல்லும் எதிர்ப்பொருள் ஷான்கால் பெற்றவர்களின் அளவுக்குக் குறையாமல் உயர்கிறது என்ற ஒப்பீட்டின் பேரிலேயே ஏற்கப்பட்டது. மனிதக் குடலின் தண்டு செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும் சிற்றுறுப்புகளில் மனிதனுக்கே உரிய கிருமிகள் மனிதக் குடற்செல்லோடு எப்படிப் பழகுகின்றன என்பதை நேராகப் பார்க்கலாம். ஆனால் அவற்றில் இரத்த ஓட்டமும் முழுமையான எதிர்ப்பாற்றல் அமைப்பும் இல்லை. வாயால் உட்கொண்ட மருந்து சில வாரங்களில் உடல் முழுவதிலும் எழுப்பும் பதிலை அவை காட்டமாட்டா. இப்போதைக்கு அந்த இடத்தை விலங்கும், பிறகு முழு ஒப்புதலோடும் மருத்துவக் கண்காணிப்போடும் கிருமியைக் குடிக்க முன்வரும் மனிதத் தன்னார்வலரும்தான் நிரப்புகிறார்கள். காலராவுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஆன்டிபயாடிக்கும் உறுதியான சிகிச்சையாக இருப்பதால்தான் அத்தகைய சோதனைக்கு இந்த நோயில் இடம் இருக்கிறது.

எனவே அடுத்த முறை ஒரு புதிய வயிற்றுப்போக்குத் தடுப்பூசியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுக்கும்போது, எத்தனை விழுக்காடு விலங்குகள் பிழைத்தன என்ற எண்ணை முதலில் பார்க்க வேண்டாம். செய்முறைப் பகுதிக்குப் போய், கிருமியை எந்த வழியில் கொடுத்தார்கள் என்று பாருங்கள். உதரப்பைக்குள் என்றால் அது இரத்தத்தின் எதிர்ப்பொருளைப் பற்றிய கட்டுரை. தாய் எலிக்கு ஊசி போட்டுக் குஞ்சுக்குக் கிருமி கொடுத்திருந்தால் ஒட்டுதலைத் தடுப்பதைப் பற்றியது. கட்டிய கண்ணி என்றால் நீர்ச்சுரப்பைப் பற்றியது. கொடுத்த கிருமிகளின் எண்ணிக்கையை மனிதனுக்கு நோய்தரும் எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். தடுப்பூசிக்கும் கிருமிக்கும் இடையே எத்தனை வாரம் விட்டார்கள் என்று பாருங்கள். தடுப்பூசியைச் செய்த அதே கிருமி வகையைக் கொண்டே சோதித்தார்களா, மேலுறை வேறுபட்ட ஒன்றையும் கொண்டு சோதித்தார்களா என்று பாருங்கள். பிறகு முடிவுரைக்குப் போய், அங்கே எழுதியிருப்பது இந்தச் சோதனை விடை சொல்லக்கூடிய கேள்விக்குள் நிற்கிறதா என்று ஒப்பிடுங்கள். அதைத் தாண்டியிருந்தால், தாண்டிய இடத்தைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள்.